கழுவியருளும்: யார் கையால்?

சாம்பல் புதன் வந்தால் மரக்காணம் பக்கத்துக் கோயில்களில் 51ஆம் சங்கீதம் பாடாமல் பூசை முடியாது. ‘கழுவியருளும்’ என்று சனம் ராகம் இழுக்கும். விடியும் முன்னே அளத்தில் பலகை இழுத்துவிட்டு வந்த பொம்பளைங்க, குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி எரிய எரிய நின்று பாடுவார்கள். நெற்றியில் சாம்பல், காலில் உப்பு. சாமியார் பிரசங்கத்தில் பாவம் என்பார், அழுக்கு என்பார், கழுவு என்பார். கேட்டுக்கொண்டு நிற்போம்.

கடைசி வரிசைக்கும் பின்னால், வாசப்படி ஓரத்தில், ஒரு கிழவி நிற்பார். எங்கள் சேரியின் பிறப்புத் துணி, சாவுத் துணி, தூரத் துணி எல்லாம் அவர் கைபட்டுத்தான் வெளுத்தது. புதிரை வண்ணார் வீடு. சேரிக்கும் ஒரு சேரி உண்டு என்றால் அது அந்த ஒற்றைக் குடிசைதான். நான் டவுசர் போட்ட காலத்தில் அவரை ‘இந்தா, வா’ என்றுதான் கூப்பிட்டேன். என் பாட்டி வயசு அவருக்கு. அவர் என்னை ‘சாமி’ என்பார். பறையன் வீட்டுப் பையன் ஒருத்தனைச் ‘சாமி’ என்று கூப்பிடவும் இந்த நாடு ஒரு சாதியை உண்டாக்கி வைத்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிழவியும் வாயசைத்துப் பாடுவார், ‘கழுவியருளும்’ என்று. வாழ்நாள் முழுக்கக் கழுவினவர் கழுவச் சொல்லிக் கெஞ்சுகிறார். அன்றைக்கு இது எனக்கு உறைக்கவில்லை. எம்.ஏ. தமிழ் படித்து, சொல்லுக்கு வேர் தேடும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

மதுரை அரசரடியில் இறையியல் படித்த நண்பன் ஒருவன். அவனிடம் கேட்டேன்: ‘கழுவு என்பதற்கு எபிரேயத்தில் என்னடா சொல்?’ ‘எந்தக் கழுவு?’ என்று திருப்பிக் கேட்டான். அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

எபிரேயத்தில் உடம்பைக் கழுவ ஒரு சொல், ‘ராஹட்ஸ்’. கை, கால், முகம், குளியல் எல்லாம் அதில் அடக்கம். துணிக்கு அந்தச் சொல் வராது. துணிக்கென்று தனியாக ஒரு சொல், ‘கிப்பேஸ்’. அதன் அடி வினைக்கு மிதித்தல் என்ற பொருளைச் சொல்கிறார்கள். அக்காதிய மொழியில் அதன் உறவுச் சொல்லுக்கு மிதிப்பது என்றே பொருள். தண்ணீரில் துணியைப் போட்டுக் காலால் உழக்கி, அடித்து, அழுக்கைக் கக்கவைக்கிற வேலை. அந்த வேலை செய்கிறவன் ‘கோவேஸ்’, அதாவது வண்ணார். எருசலேமுக்கு வெளியே, மேற்குளத்து வாய்க்கால் பக்கத்தில் வண்ணார் நிலம் ஒன்று இருந்ததாக ஏசாயா 7ஆம் அதிகாரம் சொல்கிறது. அங்கேயும் துறை ஊருக்கு வெளியேதான்.

51ஆம் சங்கீதத்தில் தாவீது கடவுளிடம் கேட்பது எந்தச் சொல்லால்? ராஹட்ஸ் அல்ல. ‘கப்பெசேனி.’ துணிக்குச் சொல்கிற சொல்லை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். ஒரு தடவை தவறிப்போய் வந்த சொல்லும் இல்லை. இரண்டாம் வசனத்தில் ஒன்று, ஏழாம் வசனத்தில் ஒன்று என இரண்டு தடவை.

இதை அந்தக் கதையோடு வைத்துப் பாருங்கள். சங்கீதத்தின் தலைப்பே சொல்கிறது, பத்சேபாள் விவகாரத்துக்குப் பின் பாடியது என்று. அவள் குளித்ததை மாடியிலிருந்து ராசா பார்த்தான் அல்லவா, அந்தக் குளியல் ராஹட்ஸ். அவளைக் கொண்டுவரச் சொல்லிப் படுத்தான். அவள் புருசன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்லவைத்தான். பிறந்த பிள்ளை செத்த அன்றைக்கு எழுந்து குளித்து எண்ணெய் பூசினான் என்கிறதே இரண்டாம் சாமுவேல், அந்தக் குளியலும் ராஹட்ஸ். ஆக ராசாவுக்குக் குளியல் தெரியும், குளித்துப் போகிற அழுக்கு இல்லை இது என்றும் தெரியும். ‘என்னைத் துணியாகப் போடு, மிதி, கல்லில் அடி’ என்கிறான். ஒரு கொலைகார ராசா கடவுளைப் பார்த்து ‘நீ வண்ணாராக வா’ என்று கூப்பிடுகிறான். அந்தக் காலத்து எபிரேயக் காதுக்கு இது எவ்வளவு முரட்டுச் சத்தமாகக் கேட்டிருக்கும்!

தமிழில் அந்தச் சத்தம் எங்கே? ‘கழுவியருளும்.’ கோயில் சிலைக்கு அபிஷேகம் பண்ணுகிற மாதிரி ஓர் அருள்.

தமிழில் சொல் பஞ்சமா? அலசு, கசக்கு, தோய், துவை, வெளு, ஒலி. துணிக்கு மட்டும் இத்தனை சொல் வைத்திருக்கிற மொழி இது. அதிலும் ‘துவை’ என்ற சொல்லைப் பாருங்கள். அகராதியைப் புரட்டினால் மிதித்து உழக்குதல், இடித்தல், துணி வெளுத்தல் மூன்றும் அந்த ஒரே சொல்லில் கிடக்கின்றன. கிப்பேஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உலகத்தில் எந்த மொழியிலும் இருக்குமா என்பது சந்தேகம். கையில் வைத்துக்கொண்டே நழுவவிட்டார்கள்.

தெரியாமல் விட்டார்கள் என்றும் சொல்ல வழியில்லை. பழைய மொழிபெயர்ப்பைத் திறந்து லேவியராகமத்தைப் படியுங்கள். தீட்டுப்பட்டவன் தன் வஸ்திரங்களைத் ‘தோய்க்க’ வேண்டும் என்றுதான் இருக்கும். அங்கே கிப்பேஸ், இங்கே தோய்த்தல். சரியான மொழிபெயர்ப்பு. ஏசாயாவில் வண்ணார் துறை வருகிறது, மல்கியாவில் வண்ணாருடைய சவுக்காரம் வருகிறது. மாற்கு 9-இல் மலைமேல் இயேசுவின் உடை வெளுப்பதைச் சொல்லும்போது பூமியில் எந்த வண்ணானாலும் வெளுக்க முடியாத வெண்மை என்று வருகிறது. ஆக, தோற்றுப்போகிறதற்கு வண்ணான் வரலாம், ஒருமையிலேயே வரலாம். உவமைக்குச் சவுக்காரம் வரலாம். ஆனால் கடவுளே துறையில் இறங்கித் துணி அடிக்கிற இடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது, ‘கழுவு’ என்று பொதுச்சொல்லுக்குத் தாவிவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டின் பெப்ரீசியுசுவோ, 1871-இல் வெளிவந்த பவர் பதிப்போ, 1995-இன் பொது மொழிபெயர்ப்போ, எல்லாருக்கும் இந்த இடத்தில் ‘கழுவு’தான். வெள்ளைக்காரப் பாதிரி பக்கத்தில் உட்கார்ந்து சொல் எடுத்துக் கொடுத்த முன்ஷிகள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

எதிர்வாதம் வரும், தெரியும். ‘மனுசனை எப்படித் துவைக்கிறது? தமிழ் மரபு அப்படி இல்லையே’ என்பார்கள். எபிரேய மரபும் அப்படி இல்லை, ஐயா! அங்கேயும் மனுசனைத் துவைக்க மாட்டார்கள். அந்த மரபை உடைப்பதுதான் அந்தப் பாட்டின் காரியமே. எரேமியாவும் எருசலேமைப் பார்த்து இருதயத்தைத் துவை என்று இதே சொல்லைத்தான் போடுகிறான். மூலம் உடைத்ததை மொழிபெயர்ப்பு ஒட்டவைத்தால் அதற்குப் பெயர் மரபு இல்லை, சாதி மரியாதை. ‘துவைச்சு எடுத்துட்டான்’ என்று நம்ம சனங்க தினம் பேசுகிறார்களே, அடி வாங்கினவனைப் பற்றி? தமிழனுக்கு மனுசனைத் துவைக்கத் தெரியாதாம்!

தமிழ்ப் பண்டிதர்கள் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக இன்னொன்று. சங்கப் பாட்டில் துணி வெளுப்பவளுக்குப் பெயர் ‘புலைத்தி’. குறுந்தொகை 330-இல் வருகிறாள், நற்றிணை 90-இல் வருகிறாள். புறநானூறு 311-இல் அவளுக்கு இடமும் சொல்லப்படுகிறது. களர் நிலத்தில் தோண்டிய கிணற்றுப் பக்கம் அவள் வெளுத்த வெள்ளைத் துணியை ஒரு தலைவன் உடுத்தியிருக்கிறான். வகுப்பில் இதை நடத்திய பேராசிரியர் அந்தத் துணியின் வெண்மையை அரைமணி நேரம் ரசித்தார். வெளுத்தவள் பெயரில் ஏன் ‘புலை’ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டேன். ‘அது அந்தக் காலத்துச் சொல்’ என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அழுக்கை எடுக்கிறவள் பெயர் அழுக்கு, அழுக்காக்கினவன் பெயர் தலைவன்.

அந்தப் புறப்பாட்டின் களர்நிலம் எனக்குப் புத்தகச் சரக்கு இல்லை. எங்கள் ஊர் அது. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்வார்கள், பெருமைக்கு நாமும் சொல்லிக்கொள்ளலாம். பெருமைக்குக் கீழே என்ன இருக்கிறது என்றால் உவர். மேற்கே கழுவெளி ஏரி, கிழக்கே கடல், நடுவில் அளம். (கழுவெளியில் ‘கழுவு’ இருக்கிறதே என்று துள்ள வேண்டாம். கழிவெளி மருவியது என்பதுதான் பொருந்துகிறது.) அளத்து வரப்பிலும் சேற்றிலும் உமரி மண்டிக் கிடக்கும். எபிரேயத்தில் ‘போரித்’ என்று ஒரு சொல் உண்டு, மல்கியாவிலும் எரேமியாவிலும் வருகிறது. வண்ணார் காரம், தமிழில் சவுக்காரம் என்று போட்டார்கள். அது இந்த உமரி மாதிரி உப்புச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுத்தது. அதன் கூடவே வருகிற ‘நெத்தெர்’ தமிழில் உவர்மண். கிழவி கூடையில் அள்ளிவந்து துணியில் பூசி வெள்ளாவி வைத்தாரே, அதே உவர்மண்! வேதாகமத்தின் அந்தப் பக்கத்தைப் புரிந்துகொள்ள எருசலேமுக்குப் புனிதப் பயணம் போக வேண்டாம். எங்கள் கழுவெளிக் கரையில் நின்றால் போதும்.

ஆனால் ஒன்று. உப்புத் தண்ணியில் சவுக்காரம் நுரைக்காது. வெளுக்க நல்ல தண்ணி வேண்டும். நல்ல தண்ணிக் குளம் ஊரில் இருந்தது. ஊர்க் குளம். சேரித் துணியை அதில் நனைக்க முடியாது. கிழவி சாவு வீட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எத்தனை தூரம் நடந்தார் என்பதை யாரும் அளக்கவில்லை. கூலியும் அளக்கவில்லை. அந்தியில் வாசல் வாசலாக நின்று வாங்குகிற ராச்சோறு, அவ்வளவுதான்.

இப்போது ‘சுத்தம்’ என்ற பெரிய சொல்லுக்கு வருகிறேன். எபிரேயத்தில் ‘தாஹோர்’ சுத்தம், ‘தாமே’ அசுத்தம். இந்தத் ‘தாமே’யைத் தமிழில் ‘தீட்டு’ என்று போட்டார்கள். குஷ்டரோகி பாளையத்துக்குப் புறம்பே நின்று ‘தீட்டு, தீட்டு’ என்று கத்த வேண்டும் என்று படிக்கிற சேரிப் பிள்ளைக்கு யார் ஞாபகம் வரும்? தன் அப்பன் ஞாபகம்தான் வரும். இது மொழிபெயர்ப்பு செய்த பெரிய வன்முறை. ஏனென்றால் தாமே பிறப்பால் வருவதில்லை. பிணத்தைத் தொட்டால் ஆசாரியனுக்கும் வரும். எண்ணாகமம் 19-இல் சிவப்புக் கிடாரியை எரித்து ஊருக்கே சுத்திகரிப்புச் சாம்பல் செய்து கொடுக்கிறவர்கள் தாங்களே தாமே ஆகிறார்கள். துணியைத் தோய்க்க வேண்டும், குளிக்க வேண்டும், சாயங்காலம் வரை இருக்க வேண்டும். சாயங்காலம் வந்ததும் தீர்ந்தது. நம்ம நாட்டில் அந்தச் சாயங்காலம் வரவேயில்லை. பிணம் எரித்தவன் பேரனுக்கும் வரவில்லை, துணி வெளுத்தவள் பேத்திக்கும் வரவில்லை. வந்துபோகிற தீட்டு வேறு, ஒரு சனத்தின்மேல் பரம்பரையாக நிரந்தரமாக ஏற்றிய தீண்டாமை வேறு என்று அம்பேத்கர் 1948-இல் ‘தீண்டப்படாதோர்’ நூலில் பிரித்துக் காட்டியது இதைத்தான்.

எபிரேயச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. பெண்பிள்ளை பெற்றவளுக்கு ஆண்பிள்ளை பெற்றவளைவிட இரண்டு மடங்கு நாள் ஒதுக்கம் வைத்த சட்டம் அது. கிபியோன்காரரைத் தலைமுறை தலைமுறையாக விறகு வெட்டவும் தண்ணி தூக்கவும் சபித்தது யோசுவா புத்தகம். அதையும் ஒருநாள் துவைக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த மொழி ஓர் உண்மையை மறைக்காமல் விட்டிருக்கிறது. லேவியராகமம் 13-இல் ஆசாரியன் நோயாளியைப் பார்த்து ‘தாஹோர்’ ஆக்குகிறான். அந்த வினைக்குச் சுத்தமாக்கினான் என்றும் பொருள், சுத்தம் என்று அறிவித்தான் என்றும் பொருள். அசுத்தத்துக்கும் அப்படியே. அவன் மருந்து போடவில்லை, தண்ணி ஊற்றவில்லை. பார்த்தான், சொன்னான். சுத்தமும் அசுத்தமும் ஓர் அதிகாரி வாயிலிருந்து வருகிற தீர்ப்பு என்பது இலக்கணத்திலேயே அம்பலமாகிக் கிடக்கிறது.

1927 மார்ச்சில் மகாட் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் சனங்களும் தண்ணி குடித்தார்கள். பின்னால் ஆதிக்கச் சாதியார் 108 குடம் தண்ணியை மொண்டு ஊற்றி, சாணி, கோமியம், பால், தயிர் கலந்து குளத்தைச் ‘சுத்தம்’ பண்ணினார்கள். சாணி போட்டுச் சுத்தமாகிற தண்ணி மனுசன் குடித்தால் அழுக்காகிவிடுகிறது! எந்த வேதியியல் இது? அறிவிப்பு, அவ்வளவுதான். எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில். உள்ளே போன தலித் பையனை 2023 ஏப்ரலில் அடித்தார்கள். ஜூனில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான் நீதிமன்ற உத்தரவோடு போலீஸ் காவலில் சனங்கள் உள்ளே போக முடிந்தது. ஒரு கோயில் வாசப்படியைத் தாண்ட இரண்டு வருசம். மரக்காணத்தில் 2013 ஏப்ரல் 25 அன்று சேரிக் குடிசைகளுக்கு வந்த தீயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மல்கியா சொல்கிற புடம்போடும் தீ இல்லை அது.

‘நாம்தான் அதெல்லாம் விட்டு ஞானஸ்நானம் வாங்கிவிட்டோமே’ என்று சொல்லும் நம்மவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1704-இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். ஞானஸ்நானச் சடங்கில் எச்சில் தொட்டு வைப்பதை விடக்கூடாது, சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் பாதிரி போக மறுக்கக்கூடாது என்றெல்லாம். ஏன் ஆணை போட வேண்டி வந்தது? மேல்சாதிக்கு எச்சில் அருவருப்பு என்று சடங்கிலிருந்தே அதை எடுத்துவிட்டிருந்தார்கள், சேரிக்குள் போனால் மேல்சாதி வராது என்று வாசலிலேயே நின்றார்கள். 1745-இல் அதே புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையரையும் சாதிக் கிறிஸ்தவரையும் பிரித்த சுவர் ஒன்று நின்றதையும், சனங்கள் முறையிட்டு அது இடிபட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் படிக்கலாம். சுவர் இடிந்தது, மணல் மேடு நிற்கிறது. 2008 மார்ச்சில் எறையூரில் தனிப்பங்கு கேட்டதற்கும் சவ ஊர்வலப் பாதை கேட்டதற்கும் நடந்த கலவரம், துப்பாக்கிச்சூடு வரை போனது. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே நற்கருணை வாங்கினவர்கள்தான்.

ஞானஸ்நானத் தண்ணி சாதியைக் கழுவிவிட்டது என்று முழுமனசோடு நம்புவது இந்திய அரசாங்கம் ஒன்றுதான். 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை, மற்ற தொழிலாளிகளுக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு இல்லை என்பதால் உச்சநீதிமன்றம் போனார். மதம் மாறின பிறகும் அதே கொடுமை அதே அளவில் இருக்கிறது என்பதைக் காட்டவில்லை என்று 1985-இல் தள்ளினார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவருக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை என்றது அதே நீதிமன்றம். அவர் ஞானஸ்நானம் பெற்றதே அவருக்கு எதிரான சாட்சியம். கோயிலில் சாமியார் ஊற்றிய அரைக்கிண்ணம் தண்ணிக்கு இவ்வளவு சக்தி என்று சாமியாருக்கே தெரியாது!

இதுவரை எழுதியதைக் கைதட்டிப் படிப்பீர்கள், எனக்குத் தெரியும். எதிரி வெளியே இருந்தால் நமக்குச் சுகம். இனிமேல்தான் கசக்கும்.

துவைக்கிற கடவுளை மறைத்தவர்கள் முன்ஷிகள், சரி. துவைக்கிற கிழவியை மறைத்தவர்கள் யார்? நாம். நம்ம சேரிக் கூட்டத்தில் புதிரை வண்ணாருக்கு என்றைக்காவது பாய் போட்டோமா? பாடையின் முன்னே மாத்து விரித்துப் போட்டுக்கொண்டு ஓடினவர்களுக்கு நம்ம கல்லறையில் எந்த மூலையில் குழி? 1994-இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வந்தபோது சேரிக்கு வெளுக்கிற ஒரு வண்ணார் பெண்ணின் கதையைப் படித்துவிட்டு, ‘நம்மையே நாம் அசிங்கப்படுத்தலாமா’ என்று நம்ம ஆட்களே சீறினார்கள். அப்போது நான் சிறுவன். பின்னால் படித்தபோது என் நெஞ்சுக்குள்ளும் அந்தச் சீற்றம் எழுந்ததை ஒத்துக்கொள்கிறேன். அழுக்கை எழுதினவனைத்தான் அழுக்கு என்றோம். புலைத்திக்குப் பெயர் வைத்தவன் செய்ததும் அதுதானே?

போன வருசம் ஒரு கூட்டத்தில் ‘கழுவியருளும்’ என்பதைத் ‘துவைத்தெடும்’ என்று மாற்றிப் பாடலாமே என்று சொன்னேன். எந்தப் பங்கு என்பது வேண்டாம். மேடையிலிருந்த பெரியவர் ஒருவர், நம்ம சாதிக்காரர்தான், சிரித்தார். ‘அப்புறம் கர்த்தரை வண்ணான்னு கூப்பிடச் சொல்லுவியா தம்பி?’ சபையும் சிரித்தது. மீனவரைத் திருத்தூதர் என்று கூப்பிடுகிறோம், தச்சன் மகனைக் கர்த்தர் என்று கூப்பிடுகிறோம், ஆடு மேய்க்கிறவனை ஆயர் என்று பட்டமே கொடுக்கிறோம். வண்ணார் என்றதும் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு எங்கேயிருந்து வந்தது என்று சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்திருந்தால் நல்லது.

அன்று சாயங்காலம் கிழவி வீட்டுக்குப் போனேன். கண் மங்கிவிட்டது அவருக்கு. கை விரல் நகங்கள் காரம் தின்று குழிந்து கிடக்கின்றன. பேரன் புதுச்சேரியில் லாண்டிரிக் கடையில் இஸ்திரி போடுகிறான், சான்றிதழில் பிற்படுத்தப்பட்டவன். நான் திண்ணையில் உட்கார்ந்து, ராசா கதையைச் சொல்லி, எபிரேயச் சொல்லையும் சொல்லி, ‘ஆயா, சாமியே வந்து துவைக்கணும்னு கேக்குறான்’ என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கேட்டார்:

‘தோய்க்கட்டும் சாமி, வாணாங்கல. எந்தத் தொறையில எறங்குவாரு? நம்மூர்க் கொளத்துல வுடுவாங்களா?’

‘சாமின்னு கூப்பிடாதீங்க ஆயா’ என்றேன்.

‘வேற இன்னான்னு கூப்புடுறது?’ என்றார்.